மண்வெட்டி ஏந்திய பியர் செரெசோல்

வெள்ளத்தாலேனும் நிலநடுக்கத்தாலேனும் மாந்தர் மூட்டும் போராலேனும் வீடிழந்து நிற்போர்க்கு வீடமைத்துக் கொடுக்கும்பொருட்டு, விடுமுறைக் காலங்களில் மாணாக்கர் கூட்டங்கூட்டமாய்ச் சென்று மண் சுமந்து கல்லடுக்கும் வழக்கம் இந்நாளில் உலகெங்கும் பரவியுள்ளது. நம் கல்லூரியிலும் அவ்வழக்கம் உண்டென்பதை இவ்விதழைப் படிப்போர் அறிவர். ஆயின் அது யாவரால், எந்நிலத்தில், எக்காரணம்பற்றி எழுந்ததென்று வினவின், விடை கூறுவார் மிகச் சிலரே. அதனைத் தோற்றுவித்தோருள் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கவர் ஸ்விட்ஸர்லாந்து தேசத்துப் பியர் செரெசோல் என்னும் பெரியார். மேனாட்டில் நன்கறியப்பெற்ற அன்னார், நம் பாரத நாட்டிற்கும் வந்து, பீகார் மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் மண்வெட்டி பிடித்தவர். அவர்தம் வாழ்க்கையை, அதிலும் சிறப்பாக அவர் இடந்தோறும் பணியாற்றி விடைபெற்றுச் சென்ற இறுதி நாட்களை, யாம் அறிந்த அளவில் ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

பியர் செரெசோல் 1879ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17ஆம் நாள் லோஸான் நகரிற் பிறந்தார். தந்தையார் பால் செரெசோல் சாமானியரல்லர். ஸ்விஸ் கூட்டரசின் ஆட்சிக் குழுவில் அங்கம் வகித்து, 1873ஆம் ஆண்டில் அக்குடியரசின் தலைவராகவும் விளங்கியவர். படைத்துறையிலும் உயர்பதவி தாங்கியவர். இத்தகைய குடியில் உடன்பிறந்தார் பலரோடு வளர்ந்த பியருக்குச் செல்வமும் கல்வியும் செல்வாக்கும் கேளாமலே வந்தெய்தின. ஸூரிக் நகரத்துப் பொறியியற் கலாசாலையில் பயின்று பட்டம் பெற்றபின், ஜெர்மனி தேசத்துக் கோட்டிங்கன், மூனிக் நகரங்களிலும் சென்று ஆராய்ச்சி செய்தார். பேராசிரியராய் அமர்ந்து, கண்ணியமாய்க் காலங்கழித்து, முதுமையில் மாணாக்கர் மாலையிட மகிழ்ந்திருப்பதற்கு வேண்டிய தகுதி யாவும் அவர்பால் இருந்தன. அவர் அவ்வழியிற் செல்லவில்லை.

முதல் மஹாயுத்தம் மூளுவதற்கு முன்னுள்ள சில ஆண்டுகளை அவர் கடல் கடந்த நாடுகளிற் கழித்தார். அமெரிக்காவிற் கூலியாளாய் உடலுழைத்துப் பார்த்தார். ஹவாய்த் தீவில் பிரெஞ்சு மொழி கற்பித்தார். ஜப்பானில் பொறியியலறிஞராய்ப் பணியாற்றினார். கலாநிதிப் பட்டம் பெற்ற ஒருவர் கூலிவேலைக்குச் செல்வதை நம்மவர் பைத்தியமென்றே சொல்லுவர். அவர் நாட்டாருட் சிலரும் அவ்வாறே எண்ணியிருத்தல் கூடும். எனினும் பிற்காலத்தில் மண்வெட்டி அவர் கைக்குப் புதிதாய்த் தோன்றாமைக்கு இவ்வாண்டுகளே காரணம் என்பது எம் கருத்து.

1914ஆம் ஆண்டில் போர் மூண்ட காலையில் அவர் தாய்நாடு திரும்பினார். ஸ்விட்ஸர்லாந்து நடுநிலை நாடாதலின் அப்போரிற் கலந்துகொள்ளவில்லை. ஆயினும் எல்லையெங்கும் படை நின்றது. ஐரோப்பா முழுதும் கிறிஸ்தவத் திருநாமம் பூண்ட தேசங்கள் ஒன்றையொன்று கொன்று குவிக்கும் காட்சி செரெசோலின் உள்ளத்தை அறுத்தது. தமக்கு வந்த பிதிரார்ஜித சொத்தைத் தாம் உழைத்து ஈட்டாத பொருளெனக் கருதி, அதனைத் தம் நாட்டு அரசாங்கத்தினிடமே ஒப்புவித்துவிட்டார். அந்நாளில், வோ மாகாணத்துப் பள்ளியாசிரியர் ஒருவர் கிறிஸ்துவின் போதனையை முன்னிட்டுப் படையில் ஊழியஞ் செய்ய மறுத்து 1915ஆம் ஆண்டிற் சிறை புகுந்தார். அவ்வெளிய ஆசிரியரின் செய்கை செரெசோலை உறங்கவிடவில்லை. செரெசோலோ உடல்நலங் காரணமாகப் படையூழியத்தினின்று முன்னரே விலக்குப் பெற்றவர். விலக்குப் பெற்றோர் அதற்கீடாகப் படைவரி ஒன்று செலுத்தல் வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். சிறு தொகைதான், செலுத்திவிட்டுச் சும்மா இருந்திருப்பின் ஒருவரும் அவரைக் குறை கூறார். அவர் 1917ஆம் ஆண்டில் அதனைச் செலுத்த மறுத்துச் சிறை சென்றார். ஒரு முறையன்று, இதன்பின் அவர் வாழ்நாளிற் பன்முறை சிறைக்கதவு அவருக்குத் திறந்தது. அதே 1917ஆம் ஆண்டில் ஸூரிக் நகரத்துப் பிரெஞ்சுத் தேவாலயத்தில் ஆராதனைக்கு வந்திருந்தோர் முன் எழுந்து, சபையார் போரைக் குறித்து வாய்மூடியிருத்தல் தகாதெனப் பேசினார். தேவாலயத்தில் அழையாத ஒருவர் எழுந்து பேசுவது எத்துணை இடர்ப்பாடு விளைக்கும் என்பது சபை வாழ்க்கை அறிந்த நம்மனோர்க்கு விரித்துரைக்க வேண்டுவதன்று.

நிற்க. மறுத்தல் மட்டும் போதாது என்னும் எண்ணம் இக்காலத்திலேயே அவருள் வேரூன்றலாயிற்று. படையூழியம் செய்யேன் என்று கூறுவோன் சோம்பேறியென்றும் கோழையென்றும் பழிக்கப்படுகின்றான். அப்பழி நீங்க வேண்டுமாயின், போர்வீரன் தன் நாட்டிற்காகப் படுந் துன்பத்திற்குக் குறையாத துன்பத்தை அவனும் உடலாற் படுதல் வேண்டும்; ஆனால் அது அழிக்கும் வேலையாயன்றி ஆக்கும் வேலையாய் இருத்தல் வேண்டும். இதுவே அவர் கண்ட வழி.

1919ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒல்லாந்து தேசத்துப் பில்தோவன் என்னுமிடத்தில், பகைநாட்டுக் கிறிஸ்தவர் பலர் ஒருங்குகூடி ஒப்புரவுச் சங்கம் ஒன்று நிறுவினர். செரெசோல் அதன் செயலாளரானார். அடுத்த ஆண்டிலும் அங்கே கூட்டம் கூடியது. பேச்சு மிகுந்தது, தீர்மானங்களும் மிகுந்தன. அவ்வாறு பேசிக் கலைவதில் அவர் மனம் நிறைவு பெறவில்லை. தம் நாட்டுப் படையாற் பாழ்பட்ட இடங்களைத் தம் கைகளாலேயே திருத்த விழைந்த ஜெர்மானியரும் அங்கே இருந்தனர். ஆங்கிலேய நண்பர் ஹ்யூபர்ட் பாரிஸ் என்பவருடன் செரெசோல் பிரான்ஸுக்குச் சென்று இடந் தேடினார். தேர்ந்தெடுத்த ஊர் வெர்தூன் நகரத்திற்கு அண்மையிலுள்ள எஸ்ன்.

வெர்தூன் என்னும் பெயரை வரலாறு பயில்வோர் மறவார். 1916ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் டிசம்பர் வரையில் பிரெஞ்சுப் படையும் ஜெர்மானியப் படையும் அங்கே பொருதன. இருதிறத்தும் மாண்டோர் சற்றேறக்குறைய 3,00,000 பேர். சுற்றிலுமுள்ள சிற்றூர்களுள் ஒன்பது அடியோடு அழிந்தன. எஸ்ன் இருந்த இடத்தில் இடிந்த சுவர்களும், பீரங்கிக் குண்டு அகழ்ந்த குழிகளும், வெடியாது மண்ணிற் புதைந்து கிடந்த குண்டுகளுமே எஞ்சியிருந்தன. 1920ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துக் குளிரில் செரெசோலும், அவர் சகோதரர் எர்னஸ்டும், ஜெர்மானியர் உள்ளிட்ட பிறதேசத்தார் சிலரும் அங்கே சென்று தங்கினர். எர்னஸ்ட் செரெசோல் ஸ்விஸ் படையில் கர்னல் பதவி வகித்தவர் என்பது கவனிக்கத்தக்கது. படைவரி செலுத்த மறுத்துச் சிறை சென்ற தம்பியும் படைத்தலைவராகிய தமையனும் ஒரே குழியைத் தூர்த்தார்கள்! தங்குமிடங்கள் அமைத்தனர், பாதை செப்பனிட்டனர், குண்டுக் குழிகளை நிரவி விளைநிலமாக்கினர்.

மகனையும் கணவனையும் இழந்த ஊரில் ஜெர்மானியன் ஒருவன் வந்து நிற்பதைக் கண்டு எல்லாரும் மகிழ்ந்தனர் என்று எழுதுவோமாயின் அது பொய்யாகும். ஊராரிற் சிலர் நாளடைவில் இணங்கினர். எனினும் ஜெர்மானியர் அங்கிருத்தலைக் குறித்து எதிர்ப்பு வலுத்தது. அதிகாரிகளும் அதற்கு உடன்பட்டிலர். ஐந்து மாதங்கழிந்து, 1921ஆம் ஆண்டு வசந்தகாலத்தில், வேலை முற்றுப்பெறா நிலையிலேயே அவர்கள் மூட்டை கட்ட நேர்ந்தது. உலகில் முதன்முதலாக எழுந்த இத்தகைய தொண்டர் பாசறையின் இறுதி நாட்கள் இவையே. வழியனுப்பு விழாவில்லை, மாலை மரியாதை இல்லை, பாதி நிரவிய நிலம் பாதியாகவே கிடந்தது. இதனை யாம் வலியுறுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. பிற்காலத்தார் இவ்வியக்கத்தின் வரலாற்றைச் சொல்லும்போது எஸ்ன் என்னும் ஊரைத் தொட்டுவிட்டு விரைந்து மேற்செல்லுகின்றனர். தோல்வியில் தொடங்கிய ஒரு முயற்சியை அத்தோல்விக்குப்பின்னும் ஏன் கைவிடவில்லை என்பதன்றோ அறியத்தக்கது?

அடுத்த மூன்றாண்டுகள் அவர் தம் நாட்டிலேயே முயன்றார். படையூழியத்திற்கு ஈடாகக் குடியூழியம் செய்யச் சட்டம் இடந்தரல் வேண்டுமெனப் பல்லாயிரவர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஸ்விஸ் அரசாங்கத்திற்கு அனுப்பப்பட்டது, அது ஏற்கப்படவில்லை. ஏற்காவிடினும், அவ்வூழியம் எத்தகையதெனச் செய்து காட்டத் தடையில்லையே. 1924ஆம் ஆண்டில் ஸ்விஸ் மலைநாட்டில் வேர்லெக்லீஸ் என்னும் ஊரைப் பனிச்சரிவு மூடியது. தொண்டர் சென்று இடிபாடுகளை அகற்றினர். அதே ஆண்டில் ஸொமியோ, 1926ஆம் ஆண்டில் ஆல்மென்ஸ் எனப் பாசறைகள் தொடர்ந்தன. இவற்றையெல்லாம் விரித்தெழுதின் கட்டுரை நீளும். கர்னல் எர்னஸ்ட் இவற்றிற் பலவற்றைப் படைவீடுபோன்ற ஒழுங்குடன் நடத்தினார் என்று சொல்லி அமைவோம்.

மாணாக்கராகிய நாம் நின்று நோக்கவேண்டியது 1928ஆம் ஆண்டு. ஸ்விட்ஸர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் இடையே லீக்டன்ஸ்டைன் என்னும் சிற்றரசு உளது. பரப்பு 160 சதுர கிலோமீட்டர். அந்நாளைய குடித்தொகை 10,000 அளவே. 1927ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் ரைன் நதி பெருகி, ஷான் என்னும் ஊரை அடுத்த இருப்புப்பாதைப் பாலத்தருகே கரையை உடைத்தது. தாழ்நிலம் முழுதும் நீர்க்காடாயிற்று. நீர் வடிந்தபின் பார்த்தால், விளைநிலங்களின்மேல் கூழாங்கல்லும் மணலும் சேறும் படிந்து கிடந்தன. உழவே தொழிலாகக் கொண்ட அச்சிறு நாட்டார் தம் நிலத்தைத் தாமே அகழ்ந்தெடுப்பதாயின் ஆண்டுகள் பல செல்லும். செரெசோலும் தோழரும் அழைப்பு விடுத்தனர். 1928ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அக்டோபர் வரையில் இருபதுக்கு மேற்பட்ட தேசங்களிலிருந்து 700க்கு மேற்பட்ட தொண்டர் வந்தனர். அவர்களுட் பெருந்தொகையினர் மாணாக்கர். ஊதியம் இல்லை, உணவும் உறையுளும் மட்டுமே. பெண்டிர் பலரும் வந்து, அடுக்களையும் ஆடை வெளுத்தலும் தைத்தலும் ஏற்றனர். அவர்களைச் சகோதரிகள் என்றே அழைத்தனர். மண்வெட்டுவோரைவிட அவர்களுக்கு ஓய்வு குறைவு என்பதை எவரும் எளிதில் உணரலாம். எனினும் அக்காலத்து எழுத்துக்களில் மண்வெட்டிக்கே புகழ் மிகுதி.

ஒவ்வொருவரும் சில வாரங்களே தங்கிச் செல்வர். பிறர் வந்து அவரிடத்தை நிரப்புவர். ஆதலால் அப்பாசறையில் எந்த வாரமும் யாருக்கேனும் இறுதி வாரமாகவே இருந்தது. தாம் கல்லகற்றிய நிலத்திற் பயிர் முளைத்ததை அம்மாணாக்கருட் பலர் கண்டிருக்க முடியாது. கை கொப்புளித்து, முதுகு வலித்து, மூன்றாம் வாரத்தில் வேலையின் நெளிவுசுளிவு பிடிபடுங்காலையில் சர்வகலாசாலை திறந்துவிடும். முடித்தேன் என்று சொல்லிக்கொள்ளும் இன்பம் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

இவ்விடத்திற் சிறிது எம் அனுபவத்தையும் கூறுதல் பொருந்தும். சென்ற கோடை விடுமுறையில் யாம் இருபதின்மர், மழையாலிடிந்த வீடுகளை மீண்டும் எழுப்பும் பணிக்குக் கடலோரச் சிற்றூர் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். முதல் வாரத்தில் சாந்துச்சட்டி தூக்கவும் கலவை சேர்க்கவும் கற்றோம். தூக்குக்குண்டு பிடித்துச் சுவரின் நேர் பார்க்கக் கொத்தனார் எமக்குப் பொறுமையோடு கற்பித்தார். இறுதி மூன்று நாட்களில் வேலை பறந்தது. இருட்டிய பின்னும் விளக்கேற்றிச் செங்கல் அடுக்கினோம். எனினும் புறப்படும் நாளன்று ஒரு வீடு நிலைவாசல் உயரத்திலேயே நின்றது. அவ்வீட்டு மூதாட்டியார் எம்மைத் தம்பிமாரே என்று விளித்து, கூரை போடும்போது வரமாட்டீர்களா என்று வினவினார். பரீட்சை இருக்கிறதென்றோம். அவர் தலையசைத்து, ஆளுக்கொரு பனங்கிழங்குக் கட்டைக் கையில் திணித்தார். இரு திங்கள் கழித்துக் கொத்தனாரும் அவ்வம்மையாரின் மைந்தரும் கூரையிட்டு முடித்தனர் என்று அறிந்தோம். செரெசோலின் வரலாற்றை யாம் தேடிப் படித்தது அதன் பின்னரே.

பிரான்ஸ் தேசத்தில் 1930ஆம் ஆண்டு டார்ன் நதி பெருகிய காலத்தும் தொண்டர் சென்றனர். 1931ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டுப் பிரின்மார் என்னும் சுரங்க ஊரில் நிகழ்ந்தது வேறுவகைப் பாசறை. அங்கே இடிந்தவை வீடுகளல்ல, தொழில். நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டு ஆடவர் ஆண்டுக்கணக்கில் வேலையின்றி இருந்தனர். அத்தகைய ஊருக்கு மாணாக்கர் சென்று கூலியின்றி வேலை செய்தல், பசித்தவன் வாய்ச்சோற்றைப் பறிப்பதாகாதா? இவ்வினாவைச் செரெசோலின் தோழர் எளிதாய் எண்ணவில்லை. கூலி கொடுத்து எவரும் செய்விக்க முன்வராத வேலையையே மேற்கொள்ளல் வேண்டும் என்பது அவர்தம் விதி. ஆகவே பாழ்நிலத்தைத் திருத்திப் பூங்காவும் நீச்சற்குளமும் அமைத்தனர். வேலையிழந்த ஊராரும் மாணாக்கருடன் நின்று தோண்டினர். இவ்விதியை இந்நாளில் தொண்டிற்குப் புறப்படும் சங்கங்களிற் பல நினைப்பதில்லை. கொத்தனாரும் சித்தாளும் கூலியின்றி இருக்கும் ஊரில் அவர்தம் வேலையை நாம் இலவசமாய்ச் செய்து படம் பிடித்துக்கொண்டு வருதல் தொண்டாகுமா என்பது சிந்திக்கற்பாலது.

அதே 1931ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், இலண்டன் வட்டமேஜை மகாநாட்டினின்று திரும்பும் வழியில் காந்தியடிகள் ஸ்விட்ஸர்லாந்தில் ரோமேன் ரோலந்து என்னும் ஆசிரியரின் விருந்தினராய்த் தங்கினார். செரெசோல் அடிகளைக் கண்டு அளவளாவினார். அச்சந்திப்பே அவரை நம் நாட்டிற்கு ஈர்த்தது எனலாம்.

1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பிற்பகல் இரண்டு மணி கடந்து சில நிமிடங்களில் பீகாரும் நேபாளமும் குலுங்கின. பீகாரில் மட்டும் 7,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். பகற்பொழுதாதலின் மக்களிற் பலர் வெளியே இருந்தனர். இரவாயிருப்பின் இத்தொகை பன்மடங்காகியிருக்கும். முங்கேர், முஸாபர்பூர் நகரங்கள் இடிந்து விழுந்தன. மோத்திஹாரி முதல் சீதாமடி வழியாக மதுபனி வரையிலுள்ள நிலப்பகுதியிலோ வேறொரு விந்தை நிகழ்ந்தது. அங்கே ஈரமணல் குழம்புபோல் இளகிற்று. வீடுகள் சரிந்து நிலத்துள் அமிழ்ந்தன. பூமி வெடித்து நீரும் மணலும் பீறிட்டெழுந்து, கிணறுகளைத் தூர்த்து வயல்களை மூடின. நிலமட்டமே தாழ்ந்துபோனமையால், முன்னர் வெள்ளம் ஏறாத ஊர்களிலும் அதன்பின் வெள்ளம் ஏறலாயிற்று.

அச்செய்தி பரவிய காலையில் காந்தியடிகள் ஹரிஜனத் தொண்டின்பொருட்டு நம் தமிழ்நாட்டிலேயே சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார். ஜனவரி 24ஆம் நாள் திருநெல்வேலியிற் பேசுங்கால், தீண்டாமை என்னும் பாவத்திற்குக் கடவுள் விதித்த தண்டனையாகவே அந்நிலநடுக்கத்தைத் தாம் கருதுவதாகக் கூறினார். இரவீந்திரநாத தாகூர் அக்கருத்தை வன்மையாக மறுத்தெழுதினார். எமக்குத் தாகூரின் மறுப்பே ஏற்புடைத்தாய்த் தோன்றுகிறது. ஏனெனில் தீண்டாதாரெனத் தள்ளப்பட்டோரின் குடிசைகளும் அன்று விழுந்தனவன்றோ? அது நிற்க. சிறையிலிருந்த பாபு ராஜேந்திர பிரசாத் விடுதலை பெற்று நிவாரணக் குழுவொன்று அமைத்துப் பெருந்தொகை திரட்டினார். செரெசோல் அவ்வாண்டிலேயே நம் நாட்டிற்கு வந்து, காந்தியடிகளையும் ராஜேந்திர பிரசாத்தையும் கண்டு, பாழ்பட்ட ஊர்களை நேரிற் பார்த்தார். ஆண்டிறுதியில் தோழர் சிலருடன் மீண்டும் வந்தார். அப்போது அவருக்கு வயது 55.

முஸாபர்பூர் ஜில்லாவில் வெள்ளத்திற்குட்பட்ட தாழ்நில ஊர்களை மேட்டுநிலத்திற்கு மாற்றிக் குடியமர்த்துதல் அவர் ஏற்ற பணி. அவ்வாறெழுந்த புதிய ஊருக்குச் சாந்திபூர் என்று பெயர் வழங்கிற்று. அங்கே ஐரோப்பியர் நால்வரைவருக்கு மேல் ஒருபோதும் இருந்ததில்லை எனலாம். ஆங்கிலேயர் ஜோ வில்கின்ஸன், ஸ்விஸ் தேசத்துப் பால் ஷெங்கர், பின்னர் வந்த பிரேஸர் ஹாய்லண்டு ஆகியோர் அவருடன் உழைத்தவர்கள். கப்பற் கட்டணமாக அவர்கள் செலவிட்ட பொருளைக்கொண்டு நூற்றுக்கணக்கான கூலியாட்களை அமர்த்தியிருக்கலாமே என்று கேட்பார் கேட்கலாம். கணக்கு மட்டும் பார்ப்பின் அக்கேள்வி சரியே. அதற்கு எண்ணைக்கொண்டு விடையிறுத்தல் இயலாது. அந்நாளைப் பீகாரில் வெள்ளையர் என்போர் குதிரைமீதிருந்து கட்டளையிடுவோர். படித்த இந்தியர் என்போர் மண்ணைத் தொடாதோர். இவ்விரு கூட்டத்தாரும் பார்த்து நிற்க, ஒரு குடியரசுத் தலைவரின் மைந்தர் ஊராரோடு வெயிலில் மண் சுமந்தார். அதன் விலையை எவ்வாறு கணக்கிடுவது?

சர்க்கார் அதிகாரிகளுக்கும் காங்கிரஸ் தலைவர்களுக்கும் இடையே அக்காலத்தில் நிலவிய பகைமை யாவரும் அறிந்ததே. இருதிறத்தாரின் உதவியுமின்றி ஓர் ஊரை இடம்பெயர்த்தல் அரிது. செரெசோல் இருபக்கமும் சென்றார். இருபக்கத்தாரின் ஒத்துழைப்பையும் பெற்றார். சிறைக்கஞ்சாத அவர் ஆட்சியாளரைக் காணவும் கூசவில்லை.

1937ஆம் ஆண்டில் அவர் நம் நாட்டைவிட்டு நீங்கினார். எஸ்ன் ஊரினின்று புறப்பட்டதனையும் சாந்திபூரினின்று புறப்பட்டதனையும் ஒப்பிட்டுப் பார்ப்போர்க்கு ஒன்று புலப்படும். முன்னதில் ஊரார் ஏற்காத கைகள் ஊராருக்காக உழைத்தன. கைகள் அகன்றதும் வேலையும் நின்றது. பின்னதில் வீட்டிற்குரியோரே மண்ணும் மூங்கிலும் கொண்டு உடனின்று வேலை செய்தனர். அயல்நாட்டார் கப்பலேறியதால் அங்கே எவ்வீடும் பாதியில் நிற்கவேண்டுவதில்லை. பதினாறு ஆண்டுகளில் செரெசோல் கற்ற பாடம் இதுவென்று எமக்குத் தோன்றுகிறது. அவர் இதனை இவ்வாறே வகுத்துக் கூறினார் என்று யாம் சொல்ல வரவில்லை.

இந்தியாவில் பணியாற்றிய காலத்திலேயே, 1936ஆம் ஆண்டில், அவர் நண்பர் சங்கம் எனப்படும் குவேக்கர் சபையிற் சேர்ந்தார். சடங்கும் குருவும் இன்றி, மௌனமாய் அமர்ந்து வழிபடும் அச்சபை, போரை முற்றும் மறுப்பது. வாழ்நாளெல்லாம் திருச்சபையோடு வழக்காடிய அவருக்கு அம்மௌனம் பொருந்தியது போலும்.

இரண்டாம் மஹாயுத்தம் 1939ஆம் ஆண்டில் மூண்டது. அவர் 1941ஆம் ஆண்டில், அறுபது கடந்தபின், லீஸ் தாவீத் அம்மையாரை மணந்தார். அவ்வயதிலும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. 1942ஆம் ஆண்டிலும் 1944ஆம் ஆண்டிலும் அனுமதிச்சீட்டின்றி எல்லை கடந்து ஜெர்மனிக்குள் நுழைந்தார். போர் நடுவே அந்நாட்டு மக்களிடம் சமாதானத்தைப் பேசுதல் அவர் நோக்கம். பிடிபட்டுத் திருப்பியனுப்பப்பட்டார், தாய்நாட்டிலும் சிறையிலிடப்பட்டார். இதனை வீரமென்பாரும் உளர். வீண் பிடிவாதமென்பாரும் உளர். அறுபத்தைந்து வயது முதியவர் தனியே சென்று எவரை மாற்றியிருக்க முடியும் என்று எமக்கும் ஐயம் எழுகின்றது. ஆயினும், 1920ஆம் ஆண்டில் எஸ்ன் ஊருக்குச் சென்றபோதும் இதே கேள்வியையன்றோ உலகம் கேட்டிருக்கும்?

சிறைவாசம் அவர் இதயத்தை நலிவித்தது. ஐரோப்பாவில் போர் முடிந்த 1945ஆம் ஆண்டில், அக்டோபர் 23ஆம் நாள், லோஸானுக்கு அண்மையிலுள்ள தம் இல்லத்தில் உயிர் நீத்தார். படையூழியத்திற்கு ஈடாகக் குடியூழியம் செய்யும் உரிமையை அவர் நாட்டுச் சட்டம் 1996ஆம் ஆண்டிலேதான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அவர் இறந்து 51 ஆண்டுகள் சென்றபின்!

அவர் தொடங்கிய சர்வதேசக் குடியூழியச் சங்கம் பிற நாடுகளிலும் கிளைத்தது. 1950ஆம் ஆண்டில் அதன் தொண்டர் மீண்டும் இந்தியாவிற்கு வந்தனர். இம்முறை அவர்கள் சென்றது டில்லிக்கு அண்மையிலுள்ள பரீதாபாத். தேசப் பிரிவினையில் ஊரையும் வீட்டையும் விட்டு ஓடிவந்த அகதிகள் தமக்கெனப் புதுநகர் ஒன்று கட்டிக்கொண்டிருந்தனர்.